தனிக்குழு தொடங்கும் முன் ஒரு நடைக்கழகத்தில் சேர்ந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிட்னித் தமிழர்களுக்கென்று ஒரு காட்டுநடைக் குழு தொடங்கப்பட வேண்டும் என்று தங்கள் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். வேலை, வீடு, பிள்ளைகளின் வகுப்புகள் என்றே நம் வார இறுதிகள் கரைந்துவிடுகின்றன என்றும், புதிதாக வந்தவர்கள் பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள் என்றும் அவர் எழுதியிருந்ததை நான் வரிக்கு வரி ஏற்கிறேன். ஆனால் அவர் சொல்லும் தீர்வில் ஒரு படி விடுபட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த மாநிலத்தில் பல்லாண்டுகளாக இயங்கிவரும் புஷ்வாக்கிங் (காட்டுநடை) கழகங்களில் ஒன்றில் புதியவராகச் சேர்ந்து, ஓராண்டாவது அவர்களுடன் நடந்து பழகிய பிறகுதான் தனிக்குழுவைப் பற்றி நாம் பேச வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கழகத்தில் சேர்ந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் முதல் அனுபவம் கசப்பானது. கழகத்தின் நிகழ்ச்சி நிரலில் சிட்னிக்கு மேற்கேயுள்ள நீலமலைப் (புளூ மவுண்டன்ஸ்) பகுதியில் ஒரு நடை குறிக்கப்பட்டிருந்தது; தூரம் 18 கிலோமீட்டர், ஏற்றம் 700 மீட்டர். நாள்தோறும் பூங்காவில் ஒரு மணி நேரம் நடப்பவளுக்கு இது பெரிய காரியமாக இராது என்று நினைத்து, அந்த நடையின் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இதுவரை ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள், அதில் ஏற்ற இறக்கம் இருந்ததா, என்ன காலணி வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு தண்ணீர் சுமந்து வருவீர்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, இந்த நடைக்கு வேண்டாம், இரண்டு வாரம் கழித்து எளிய நடை ஒன்று இருக்கிறது, அதற்கு வாருங்கள் என்று சொல்லி முடித்துவிட்டார். போனை வைத்ததும் முகம் சுருங்கிப்போனது. என் பெயரையும் பேச்சையும் கேட்டுத்தான் தட்டிக்கழித்தார் என்று அன்று உறுதியாக நம்பினேன். வீட்டாரிடமும் அப்படியே சொன்னேன்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று உணர எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. நீலமலையில் நடை என்பது நாம் ஊரில் அறிந்த மலையேற்றத்துக்கு நேர் எதிரானது. அங்கே காலையில், உடம்பில் தெம்பு இருக்கும்போது, பாறை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறோம். களைத்துப்போன பிற்பகலில்தான் ஏற வேண்டும். பாதி வழியில் ஒருவருடைய முழங்கால் மறுத்துவிட்டால் திரும்பி வரக் குறுக்குவழி கிடையாது, பெரும்பாலான பள்ளங்களில் போன் சிக்னலும் கிடையாது, ஒருவருக்காகப் பத்துப் பேர் இருட்டில் மாட்டிக்கொள்ள நேரும். பின்னாளில் அதே பாதையில் நான் நடந்தபோது, கடைசி 200 மீட்டர் ஏற்றத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நின்று, அன்று தொலைபேசியில் என்னைத் தடுத்தவரை மனதார நன்றியுடன் நினைத்துக்கொண்டேன். இப்போது நானே எளிய நடைகளை வழிநடத்துகிறேன். புதியவர் யார் அழைத்தாலும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்கிறேன். கழகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, இதய சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்த ஒரு மூத்த உறுப்பினரிடமும் அவை கேட்கப்பட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சேரும் முறையைப் பற்றி நம்மவர்களிடம் தேவையற்ற தயக்கம் இருக்கிறது. பெரும்பாலான கழகங்களில் முதல் நாளே உறுப்பினராக வேண்டிய கட்டாயம் இல்லை. விருந்தினராகச் சில நடைகளுக்கு வந்து பார்க்கலாம். காட்டில் இருக்கும் ஆபத்துகளை அறிந்தே வருகிறேன் என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பிடித்திருந்தால் பிறகு சந்தா கட்டிச் சேரலாம். அந்தப் படிவத்தைக் கண்டு பலர் மிரண்டுபோகிறார்கள். கழகங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டுக்கு அது தேவைப்படுகிறது என்பதைத் தவிர அதில் மர்மம் ஏதும் இல்லை.

என் முதல் நடை ராயல் தேசியப் பூங்காவில், ஹீத்கோட் ரயில் நிலையத்திலிருந்து கார்லூ குளம் வழியாக வாட்டர்ஃபால் நிலையம் வரை, ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இரு முனையிலும் ரயில் நிலையம் இருப்பதால் கார் இல்லாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அமைவது அரிது. 1879-ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது என்பதை, இந்நாட்டுக்கு வந்து எட்டாவது ஆண்டில்தான் அறிந்தேன்.

அன்று பார்த்த சின்னச் சின்ன வழக்கங்கள் இன்றும் கண்முன் நிற்கின்றன. புறப்படுமுன் தலைவர் தலைகளை எண்ணினார். அனுபவமுள்ள ஒருவரைக் கடைசி ஆளாக நியமித்து, அவருக்குப் பின்னால் எவரும் தங்கக் கூடாது என்று சொன்னார். பாதை பிரியும் இடம் வந்தால், நமக்குப் பின்னால் வருபவர் நம்மைப் பார்க்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். எனக்கு முன்னால் சென்ற அம்மையார் தம் முதுகுப்பையைக் கழற்றிப் பாதையின் நடுவிலேயே வைத்துவிட்டுப் புதருக்குள் போனார். மறந்துவிட்டுப் போகிறாரோ என்று எண்ணி அதை எடுத்துக் கொடுக்கப் போனவளைப் பின்னால் வந்தவர் தடுத்தார். சிறுநீர் கழிக்க ஒதுங்குபவர் தம் பையைப் பாதையில் விட்டுச் செல்ல வேண்டும். அந்தப் பை அங்கே கிடக்கும்வரை கடைசி ஆள் அதைத் தாண்டிப் போக மாட்டார். வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். இத்தனை எளிய ஏற்பாட்டில் ஒரு மனிதர் தொலைந்துபோகாமல் காக்கப்படுகிறார் என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி இருபது பேரைத் திரட்டிவிடுவது நமக்கு எளிது. இந்தப் பழக்கம் யாருக்கும் ஒரே நாளில் வந்துவிடாது.

இவ்வழக்கங்களுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. சிட்னி புஷ்வாக்கர்ஸ் கழகம் 1927-இல் தொடங்கப்பட்டது. மெல்பர்னில் பெண்களுக்கென்றே ஒரு நடைக்கழகம் 1922-இலேயே உருவாகிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் கழகங்களின் கூட்டமைப்பு காணாமல்போனவர்களைத் தேடும் தன்னார்வப் பிரிவை 1936-இல் அமைத்தது. அது இன்றும் இயங்குகிறது. 1931 ஈஸ்டர் விடுமுறையில் நீலமலையின் குரோஸ் பள்ளத்தாக்கில் முகாமிட்டிருந்த நடையர்கள், அங்கிருந்த புளூ கம் என்னும் யூகலிப்டஸ் மரங்களை வெட்டிவிட்டு வால்நட் மரங்கள் நடக் குத்தகைதாரர் திட்டமிட்டிருப்பதை அறிந்தார்கள். நாடே பொருளாதார மந்தத்தில் தவித்த அந்த நாட்களில், அவர்கள் 130 பவுண்டு திரட்டிக் கொடுத்துக் குத்தகையை விட்டுக்கொடுக்கச் செய்தார்கள். மறு ஆண்டே அந்தக் காடு பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டது. வார இறுதியில் நடக்கப் போன சாதாரண மக்கள் காப்பாற்றிய காடு அது. நாம் புதிதாக வந்தவர்கள்தாம். ஆனாலும் அவர்கள் விட்டுச்சென்றதில் நமக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம், அக்கழகங்களின் வரிசையில் ஒருவராக நடக்கும்போதுதான் எனக்கு வந்தது.

பழகும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்குத் தூரத்தைவிட இதுதான் அச்சம் தருகிறது. எல்லோரும் முன்பே அறிமுகமானவர்கள், நான் மட்டும் அந்நியள் என்ற உறுத்தல் முதல் அரை மணி நேரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நடையில் பேச்சு தானாக வருகிறது. ஒருவர் பின் ஒருவராகப் போவதால் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. சொல் கிடைக்காவிட்டால் பத்தடி நடந்துவிட்டுத் தொடரலாம். ஏற்றம் வந்தால் எல்லோரும் சேர்ந்து மௌனமாகிவிடுகிறார்கள். அலுவலக விருந்துகளில் மூலையில் நின்ற நான், முதல் நடையிலேயே நான்கு பேருடன் மனம்விட்டுப் பேசினேன். காலை பத்தரை மணி வாக்கில் பாறையில் அமர்ந்து பிளாஸ்க்கைத் திறக்கும்போது எவர் வேண்டுமானாலும் எவர் பக்கத்திலும் உட்காரலாம். அவரவர் உணவை அவரவரே கொண்டுவருவதால் சைவ உணவினருக்கும் சங்கடம் இல்லை. நடை இல்லாத நாட்களில் மாதக் கூட்டம், இரவு உணவு, திரைப்படம் என்று கழகம் கூடுகிறது. முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் போனவர்களும் அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறார்கள்.

அப்படி ஒரு மாதக் கூட்டத்தில்தான் பாம்புக்கடிக்குக் கட்டுப்போடும் முறையைக் கற்றேன். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது என்று நம்மில் பலர் சிறுவயதில் கேட்ட எதையும் செய்யக் கூடாது. அகலமான இழுபடும் பாண்டேஜைக் கடிபட்ட இடத்தின்மேல் சுற்றி, பிறகு கை அல்லது கால் முழுவதையும் மூடும்படி அழுத்தமாகச் சுற்றி, அது மடங்காதபடி ஒரு குச்சியை வைத்துக் கட்டி, கடிபட்டவரை அசையாமல் படுக்கவைக்க வேண்டும்; கடிவாயைக் கழுவக் கூடாது, அங்கே ஒட்டியிருக்கும் நஞ்சு எந்த வகைப் பாம்பு என்று மருத்துவர்கள் அறிய உதவும். மெல்பர்ன் மருத்துவ ஆய்வாளர் ஸ்ட்ருவன் சதர்லேண்ட் 1970-களின் இறுதியில் வகுத்த முறை இது. ஒருவர் காலில் மற்றவர் சுற்றிப் பார்த்து, இருபது நிமிடத்தில் பழகிவிட்டோம். அவசர அழைப்புக் கருவியான பிஎல்பியை எப்படி இயக்குவது என்பதையும் அங்கேதான் கையில் வாங்கிப் பார்த்தேன்.

புதிதாகச் செல்வோர் பிடிமானமுள்ள காலணி, இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர், மழை ஜாக்கெட், தொப்பி, டார்ச், பாண்டேஜ் ஆகியவற்றுடன் சென்றால் போதும். விலை உயர்ந்த சாமான்களை முதல் நாளே வாங்கிக் குவிக்க வேண்டாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். வீடு திரும்பியதும் காது மடல், தலைமுடி, அக்குள் ஆகியவற்றில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் கட்டணத்தை அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்காது என்பதால் தனிக்காப்பீடு இருக்கிறதா என்றும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

கழகங்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல கழகங்களில் இளையவர் குறைவு. மின்னஞ்சலுக்குப் பதில் வரப் பத்து நாள் ஆவதுண்டு. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லப் பெரும்பாலான நடைகள் ஏற்றவை அல்ல. நண்பர் குறிப்பிட்ட தமிழ்க் குழு இந்த இடத்தில் உண்மையாகவே தேவைப்படுகிறது. குடும்பத்தோடு வருவோர்க்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்க்கும் தமிழில் விளக்கிச் சொல்லும் எளிய நடைகள் வேண்டும். நம்மில் பத்துப் பேர் இப்போதே வெவ்வேறு கழகங்களில் இருவர் மூவராகச் சேர்ந்து, வரைபடம் படிக்கவும் பின்தங்குபவரைக் காக்கவும் பழகிவிட்டால், அந்தக் குழுவை நடத்தும் தகுதி நமக்கு வந்துவிடும்.

தங்கள் இதழின் நிகழ்ச்சிகள் பகுதியில், கோயில் விழாக்கள், இசை நிகழ்ச்சிகளின் அறிவிப்புகளோடு, இக்கழகங்கள் புதியவர்களுக்கென நடத்தும் எளிய நடைகளின் தேதிகளையும் மாதம் ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவற்றைத் திரட்டித் தமிழில் எழுதி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன். தனியாகச் செல்லத் தயங்கும் பெண்கள் எவரேனும் தங்களுக்கு எழுதினால், என் தொடர்பு விவரத்தை அவர்களிடம் தாராளமாகக் கொடுங்கள். முதல் நடைக்கு ரயிலில் அவர்களோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
வெண்ட்வொர்த்வில்