எங்கள் கல்யாணங்களை ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள்

கணவன் மனைவி விசாவுக்கு நேர்காணல் நடத்தும் வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கோத்தகிரியில் மனு எழுதிக் கொடுப்பதும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் என் தொழில். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்களுக்கு நடுவே, வெளிநாட்டில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேரக் காத்திருப்பவர்களும் என் மேசைக்கு வருகிறார்கள். அவர்களுடைய கல்யாண ஆல்பத்தைப் பிரித்து, எந்தப் படத்தை வைப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து அடுக்கிக் கொடுக்கிறேன். அதனால் உங்கள் அறையில் என்ன கேட்கிறீர்கள் என்பதும், வெளியே வரும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

விசாவுக்காக நடக்கும் போலிக் கல்யாணங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்து, நகையும் போய் ஆளும் போன குடும்பங்களும் இந்த மலையில் உண்டு. எனவே சோதிக்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. கேளுங்கள், நன்றாகவே கேளுங்கள். ஆனால் 'இந்தியக் கல்யாணம் இப்படித்தான் இருக்கும்' என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் சந்தேகம் என்று எழுதாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நீலகிரி சின்ன மாவட்டம். ஆனால் காலையில் ஊட்டியில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் நாலைந்து விதமான கல்யாண முறைகளைக் கடந்து போய்விடலாம். தோடர் பழங்குடியினரின் மந்துகள் எனப்படும் குடியிருப்புகளில், மனைவி முதல் குழந்தையைச் சுமக்கும்போது கணவன் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்குதான் பெரிய சடங்கு. ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். பெண்ணை அங்கே அழைத்துப் போவார்கள். அவள் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து புகுந்த வீட்டில் வைப்பாள். முதல் கர்ப்பத்தின்போது கழுத்தில் நூல் கட்டும் 'கண்ணி கட்டோது' என்ற சடங்கில்தான் அந்தக் கல்யாணம் முழுமையடைவதாகப் பழைய வழக்கம். வரதட்சணை அவர்கள் வழக்கத்தில் கிடையாது. கணவனை இழந்தவளும், மணமுறிவு ஆனவரும் மறுபடி கல்யாணம் செய்துகொள்வதை அந்தச் சமூகம் காலங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்புறம், 1964-ல் போடப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்து இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்கள் இருக்கிறார்கள். ஒரே குடும்பம் இரண்டு மூன்று நாடுகளில் சிதறிக் கிடப்பதால், பத்துப் பேர் கூடிக் கோயிலில் முடித்துக்கொண்ட கல்யாணம் அவர்களிடம் சாதாரணம். கூடலூர்ப் பக்கம் போனால் மலையாள வழக்கங்கள், பள்ளிவாசலில் நிக்காஹ், தேவாலயத்தில் மோதிரம். இதில் எது உங்கள் கையேட்டில் உள்ள இந்தியக் கல்யாணம்?

கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியைச் சேர்ந்த பெண் ஒருத்தியின் ஆல்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். எந்த நாட்டின் தூதரகம் என்று சொல்லப்போவதில்லை. ஆல்பத்தில் முக்கால்வாசிப் படங்களில் மணப்பெண்ணின் முகமே தெரியாது. குனிந்த தலையும், அந்தத் தலைமேல் வைத்த ஒரு கிழவியின் கையோ கிழவரின் கையோதான் தெரியும். படுகர்களிடம் பெரியவர்களைக் கண்டால் தலை குனிந்து நிற்க வேண்டும். அவர்கள் உச்சியில் கை வைத்து வாழ்த்துவார்கள். ஓரிரு வார்த்தையில் முடிகிற வாழ்த்தும் அல்ல அது. பிள்ளை குட்டி, ஆயுசு, பாலும் தானியமும் என்று பாட்டைப் போல நீளும். கல்யாண நாளில் ஊரே வரிசையில் வந்து வாழ்த்தும். படம் எடுத்தவர் அதைத்தானே எடுக்க முடியும்? உங்களைப் போன்ற அதிகாரி ஒருவர் அந்தப் படங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டது மூன்று கேள்வி. ஏன் உன் முகம் தெரியவில்லை? ஏன் பெண்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள்? ஏன் நீயும் கணவரும் இப்படித் தள்ளித் தள்ளி நிற்கிறீர்கள்?

வெள்ளை முண்டு அவர்கள் பாட்டி காலத்திலிருந்து நல்ல நாளுக்கு உடுத்துவது. பெரியவர்கள் முன்னால் கணவன் தோளில் சாய்ந்து நிற்பதை அவள் வீட்டில் மரியாதைக் குறைவு என்பார்கள். இதையெல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு, மைக்கில், பழக்கமில்லாத மொழியில் சில நிமிஷத்துக்குள் அவள் எப்படி விளக்குவாள்? வீட்டில் படுகு பேசி, பள்ளியில் தமிழ் படித்தவள் அவள். பயத்தில் "எங்கள் வழக்கம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அது மழுப்பலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. முதல்நாளே மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், அங்கிருந்து முந்நூறு தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைக்கான தண்டனை.

அவசரக் கல்யாணம் என்பது நீங்கள் அடிக்கடி எழுதும் இன்னொரு குறை. மாப்பிள்ளைக்கு லீவு மூன்று வாரம்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, மீதியில் முகூர்த்த நாள் பார்க்க வேண்டும். அவர் வந்து இறங்கியதிலிருந்து தாலி கட்டியது வரை மட்டும் எண்ணினால் அவசரம் போலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கல்யாணத்தின் கணக்கு அங்கே தொடங்கவில்லை. பெண்ணின் பெரியம்மா அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவராக இருப்பார். இரண்டு வீடும் சாவுக்கும் வாழ்வுக்கும் போய்வந்த வீடுகளாக இருக்கும். விசாரிப்பு, ஜாதகம், பேச்சுவார்த்தை என்று வருடக்கணக்கில் நடந்ததற்கு எந்த ரசீதும் இல்லை. 'கணவரின் சம்பளம் எவ்வளவு?' என்று கேட்டு, தெரியாது என்றதும் குறித்துக்கொள்கிறீர்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இங்கே அப்பா, மாமாவின் வேலை. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது வரை சொல்வார்கள்.

அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் இன்னும் சிக்கல். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்த உறவில் கல்யாணம் தடை என்பதால் அது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். இங்கே அது முறை. வழக்கம் இருந்தால் செல்லும் என்று 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமே சொல்கிறது.

எனக்கு அதிகம் வலிப்பது இதன் மறுபக்கம். பெற்றோர் பார்த்து முடித்தது என்றால் 'ஒருவரை ஒருவர் தெரியாது' என்கிறீர்கள். சாதி மாறிக் காதலித்து, பெற்றோர் வராமல் முடித்தது என்றால் 'குடும்பம் வரவில்லை, இது இவர்கள் பண்பாட்டுக்கு மாறானது' என்கிறீர்கள். மணமுறிவு ஆனவரை முதல் கல்யாணம் செய்யும் பெண் கட்டினாலும் அதே வரிதான். புரோகிதர் இல்லாமல், சாட்சிகள் முன் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணத்துக்குத் தமிழ்நாட்டில் 1967 சட்டத்திருத்தத்திலிருந்து முழு அங்கீகாரம் உண்டு. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும்போது, ஹோமப் புகை தெரியும் படம் இல்லை என்று சந்தேகப்படுவது என்ன நியாயம்?

பண்பாடு தெரியும் என்ற நினைப்பில் அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பது வரலாற்றில் இருக்கிறது. 1979-ல், கல்யாணம் செய்துகொள்ள லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவருக்குக் கன்னித்தன்மைச் சோதனை செய்தார்கள். இந்திய மணப்பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. கல்யாணத்தின் முதன்மை நோக்கம் குடியேறுவது அல்ல என்று விண்ணப்பித்தவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதியும் பிரிட்டனில் இருந்தது. அது எத்தனையோ தம்பதிகளைப் பிரித்து வைத்தது, 1997-ல்தான் நீக்கினார்கள். வழக்கத்தை மதிக்கச் சட்டத்துக்குத் தெரியாமலும் இல்லை. அமெரிக்காவில் நிச்சயிக்கப்பட்டவருக்கான விசாவுக்கு, இருவரும் இரண்டு வருடத்துக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும். ஆனால் நெடுநாளைய கண்டிப்பான வழக்கம் அதைத் தடுத்தால் விலக்குக் கேட்கலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவருக்கு இருந்த பொறுமை நேர்காணல் ஜன்னலிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் நீங்கள் மறுத்துவிட்டால் எங்கள் மக்களுக்கு வழி குறைவு. கனடாவில் துணையை அழைப்பவர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அமெரிக்காவிலோ, தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றம் பெரும்பாலும் தொடுவதில்லை. மனைவியோ கணவனோ அந்நாட்டுக் குடிமகனாகவே இருந்தாலும் துணையை உள்ளே விடச்சொல்லும் அடிப்படை உரிமை அவர்களுக்கு இல்லை என்று 2024-ல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அப்படியென்றால் உங்கள் ஜன்னலில் நடக்கும் அந்தச் சில நிமிஷம்தான் எல்லாமும்.

அதனால், நேர்காணலுக்கு வருபவருக்கு அவர் மொழியில் பேச ஆள் கொடுங்கள். படுகருக்கும் தோடருக்கும் தமிழாவது கிடைக்கட்டும். ஆல்பத்தைத் திறக்கும் முன், 'உங்கள் ஊரில் கல்யாணம் எப்படி நடக்கும்?' என்று கேளுங்கள். பொய் சொல்கிறவர் அங்கேயே தடுமாறுவார்; நிஜமாக வாழ்ந்தவர் தண்ணீர்க்குடம் எந்தத் துறையில் நிரப்பியது என்பது வரை சொல்வார். சந்தேகம் தீராவிட்டால் ஊர்ப் பெரியவரையோ பதிவாளரையோ விசாரித்த பிறகு முடிவெடுங்கள். மறுப்பதானால், எந்தப் பதில், எந்தப் படம், எந்த ஆவணம் காரணம் என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். சட்டப் பிரிவின் எண்ணை மட்டும் அச்சடித்த தாளோடு வருகிறவர்களுக்கு அடுத்த மனுவில் எதை விளக்கி எழுதுவது என்று எனக்கே தெரிவதில்லை.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு மனு எழுத்தர்