உழைப்பு மட்டும் காரணமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கனடாத் தமிழரின் முன்னேற்றம் குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் நெடுங்காலமாக வாழ்பவன் என்ற முறையில் ஆர்வத்தோடு படித்தேன். உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கினார்கள் என்பதில் பொய்யேதும் இல்லை. ஆனால், எல்லாவற்றுக்கும் எமது கடின உழைப்பே காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1986 ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை உள்ளூர் மீனவர்கள் கரைசேர்த்தனர். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னதும், உண்மையில் மேற்கு ஜெர்மனியில் கப்பலேறியிருந்தது பின்னர் வெளிப்பட்டதும் அன்று பெரும் சர்ச்சையாயின. அப்படியிருந்தும் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டு தங்கி வேலை செய்வதற்கான அமைச்சர் அனுமதிப் பத்திரத்தைச் சில நாட்களிலேயே கொடுத்தது. மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் அவர்கள் உடனே வேலை தேட முடிந்தது அந்தக் கடதாசியால்தான்.

2010 ஆகஸ்டில், இலங்கையில் போர் முடிந்து ஓராண்டு சற்றே கடந்திருந்த வேளையில், 'சன் சீ' கப்பல் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. அவர்களில் 49 பேர் சிறுவர்கள். தாய்லாந்துப் பக்கமிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் கடலில் கிடந்து வந்தவர்களை, ஆளடையாளம் உறுதியாகவில்லை, புலிகள் கலந்திருக்கலாம் என்று சொல்லி அரசு தடுத்து வைத்தது. பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தனர். 2012இல் வந்த சட்டமோ, இனி இவ்வாறு கூட்டமாக வருவோரை அமைச்சர் தனிப்பிரிவாக அறிவித்துவிட்டால், அவர்கள் அகதிகளென ஏற்கப்பட்ட பின்னரும் ஐந்தாண்டுகளுக்கு நிரந்தர வதிவிடம் கோர முடியாதவாறு செய்தது.

அந்தக் கப்பலில் வந்த ஒருவர் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தார். பகலில் பேக்கரி, இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை என்று ஓடியவரை உழைக்காதவர் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் வழக்கு முடியாமல் ஊரிலிருந்த மனைவியையும் மகளையும் ஸ்பொன்சர் செய்ய வழியில்லை. வேலை அனுமதியின் தவணை முடியப்போகும் நாட்களில் தபால்பெட்டியை ஒரே நாளில் பலமுறை திறந்து பார்ப்பார். தவழும் வயதில் விட்டுவந்த மகள் தொலைபேசியில் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கும் வயதுக்கு வந்தபோதும் அவர் அதே அறையில்தான் இருந்தார்.

இதைவிட எனக்கு உறுத்தலானது எம்மவர் பேச்சு. ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டி, வேறொருவரின் கடவுச்சீட்டில் தலை மாற்றி, அதாவது தம் படத்தை ஒட்டி, விமானமேறி வந்தவர்களில் சிலரே, கோயில் மண்டபத்தில் அமர்ந்துகொண்டு, கப்பலில் வந்தவர்கள் வரிசையை மீறியவர்கள் என்று பேசினார்கள். போர்க்காலத்தில் எமக்கு எந்த வரிசை இருந்தது என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஆகவே, வெற்றிக் கதைகளைத் தொடர்ந்து வெளியிடும் தங்கள் இதழ், கப்பலில் வந்தவர்களில் சிலரையேனும் சந்தித்துப் பேட்டி காண வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஊரில் உறவினர் இருப்பதால் பெயரும் படமும் வெளியிட அவர்கள் தயங்கக்கூடும். அவை இல்லாமலே வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்