கயல்விழிக்கு: உன் ஓவியத் தளத்தை யார் கட்டுவது?

மதுரை

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. உன் ஓவியங்களுக்கான இணையதளத்தைக் கட்ட அந்த வெப் டிசைனர் உனக்குக் கொடுத்திருக்கும் கொட்டேஷனை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். வடிவமைப்புக்கு 60,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 10,800 ரூபாய், இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்புக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார். அவருடைய உழைப்புக்கு அது கூடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். உன்னுடைய இன்றைய தேவைக்குக் கூடுதல். ஆளைப் போட்டுச் செய்வதா, நானே கட்டிக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். இந்த முறை நீயே கட்டிக்கொள், டிசைனருக்கென்று எடுத்து வைத்த பணத்தில் பாதியை ஓவியங்களை ஒழுங்காகப் படமெடுக்கச் செலவிடு என்பது என் கருத்து. அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. "காசைக் கொடுத்துவிட்டு அவள் பாட்டுக்கு வரையட்டுமே" என்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால்தான் போனில் இரண்டு வார்த்தையில் முடிக்காமல் இதை எழுதுகிறேன்.

நம் அச்சகத்தில் கண்காட்சிக் கேட்டலாக் வேலைகள் எடுத்த காலத்தில் மெஷினால் தாமதம் வந்ததாக எனக்கு நினைவில்லை. மேட்டர் வராமல்தான் வேலை நிற்கும். படம் வந்திருக்கும், அளவு வந்திருக்காது. அளவு வந்திருந்தால், எந்த ஆண்டு வரைந்தது என்பது ஓவியருக்கே சந்தேகமாக இருக்கும். தன்னைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரும்படி கேட்டால் "நீங்களே ஏதாவது போட்டுவிடுங்கள்" என்பார்கள். இணையதளத்திலும் கதை இதுதான். டிசைனர் முதல் சந்திப்பிலேயே உன்னிடம் கேட்கப்போவது படங்கள், விவரங்கள், அவற்றின் வரிசை, உன்னைப் பற்றிய குறிப்பு ஆகியவைதாம். அவற்றை எவ்வளவு பணம் கொடுத்தாலும் வேறொருவர் உனக்காகச் செய்து தர முடியாது. அவற்றைச் செய்து முடித்தபின் எஞ்சியிருப்பது, ஒரு வெள்ளைப் பக்கத்தில் படங்களை அடுக்கும் வேலை. அதற்கு இன்று ஆயத்த வசதிகள் தாராளமாக இருக்கின்றன.

படமெடுப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ அனுப்பிய 'கிணற்றடி' ஓவியத்தின் படத்தில், மேல் இடது மூலையில் டியூப் லைட்டின் ஒளி ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. வலது விளிம்பு வெளியே வளைந்து நிற்கிறது. ஆயில் பெயின்ட் பளபளப்பானது. நேரெதிரே வெளிச்சம் இருந்தால் அது அப்படியே கண்ணாடியாகத் திருப்பி அடிக்கும். ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை ஓவியத்தின் இரு பக்கமும் ஏறத்தாழ 45 டிகிரி கோணத்தில் வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். விளக்கு இல்லாவிட்டால், மேகமூட்டமான நாளில் வராந்தாவில் நேர் வெயில் படாத இடத்தில் எடுக்கலாம். கேமரா ஓவியத்தின் நட்டநடு உயரத்தில், ஓவியத்துக்கு இணையாக நிற்க வேண்டும். முக்காலி இல்லாமல் இது வராது. போனில் எடுப்பதானால் அகலக் கோண லென்ஸ் வேண்டாம்; சில அடி பின்னால் நகர்ந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் விளிம்புகள் நேராக இருக்கும். முதல் படத்தில் மட்டும் ஓவியத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்து எடுத்துக்கொள். பிறகு கணினியில் நிறத்தைச் சரிசெய்ய அந்த ஒரு அட்டையே போதும், உன் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

இதற்கெல்லாம் அங்கே பரோடாவில் ஒரு நாள் வாடகைக்கு ஒரு நல்ல புகைப்படக்காரரை அமர்த்தினால், இருபது முப்பது ஓவியங்களை முடித்துவிடலாம். அவர் தரும் பெரிய டிஃப் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள். ஒன்று உன்னிடம், ஒன்று இங்கே. தளத்துக்கு அவற்றிலிருந்து நீளமான பக்கம் 2,000 பிக்சல் வரும் ஜேபெக் கோப்புகளைத் தனியாக எடு. ஒவ்வொன்றும் அரை எம்பிக்குள் இருந்தால் கிராமத்து நெட்வொர்க்கிலும் திறக்கும். கேட்டலாக்குக்காக நாம் செய்த கோப்புகளை அப்படியே ஏற்றிவிடாதே. அவை அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் இருப்பவை; திரைக்கு எஸ்ஆர்ஜிபி வேண்டும். மாற்றாமல் போட்டால் சில திரைகளில் உன் நீலம் வேறு எதுவாகவோ தெரியும். டிசைனர்களிலும் அச்சு வேலை தெரியாதவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

விவரக் குறிப்பில் சிக்கனம் வேண்டாம். தலைப்பு, ஆண்டு, எதில் எதைக் கொண்டு வரைந்தது, அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. இது ஓவிய உலகின் வழக்கம் என்பது உனக்குத் தெரியும், ஆனால் நீயே பாதி இடங்களில் மாற்றி எழுதுகிறாய். மரச்செதுக்கு அச்சுகளுக்கு எத்தனை பிரதியில் எத்தனையாவது என்ற எண்ணும் வேண்டும். விற்றுப்போன ஓவியங்களை எடுத்துவிடாதே. "தனியார் சேகரிப்பு" என்று போட்டு வைத்திரு. ஓவியம் கைமாறினாலும், எழுதிக் கொடுக்காத வரையில் அதன் பதிப்புரிமை வரைந்தவரிடமே தங்கும். ஆனால் அந்த டாக்டர் வீட்டுக்குப் பணம் பெற்று வரைந்து கொடுத்த உருவப்படங்கள் வேறு கணக்கு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், ஒருவர் கேட்டு, அவரிடம் விலை பெற்று வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரையே முதல் உரிமையாளராக வைக்கிறது. அவற்றைத் தளத்தில் போடும் முன் அவர்களிடம் ஒரு வரி மின்னஞ்சலில் சம்மதம் வாங்கிவிடு.

எதில் கட்டுவது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போட்டோஷாப்புக்காக நீ கிரியேட்டிவ் கிளவுட் சந்தா கட்டுகிறாய். படங்களை அடுக்கித் தளம் கட்டும் அடோபி போர்ட்ஃபோலியோவும் அதே சந்தாவில் அடக்கம். அதில் கடை வைக்க முடியாது, ஆனால் உனக்கு இப்போது கடை தேவையில்லை. விலை கேட்பவர்கள் கடிதம் எழுதட்டும். தளம் கட்டும் இன்னொரு சேவையான விக்ஸ் பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் அதில் கட்டியதை அப்படியே பெயர்த்து வேறொரு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் வேறொரு இடத்துக்கு, கொண்டுபோக வழியில்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது எங்கும் கொண்டுபோகக் கூடியது, ஆனால் அதையும், அதனுடன் சேர்க்கும் சிறு நிரல்களான பிளக்இன்களையும் அவ்வப்போது அப்டேட் செய்யாமல் விட்டால் எவனாவது உள்ளே புகுந்து மருந்து விளம்பரம் போட்டுவிடுவான். நீ தூரிகை கழுவுவதையே அடுத்த நாளைக்குத் தள்ளுகிறவள். ஆகையால் அடோபி போர்ட்ஃபோலியோவே உனக்குப் பொருந்தும்.

அப்பா சொல்லும் ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "வேலை தெரிந்தவர் கட்டினால் நிலைத்து நிற்கும்" என்கிறார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எத்தனையோ ஓவியர்கள் டிசைனர்களுக்குப் பணம் கொடுத்து, ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் திரைச்சீலை விலகுவது போலவும் இசை ஒலிப்பது போலவும் தளங்கள் கட்டினார்கள். ஐபோன் அவற்றை ஒருபோதும் காட்டவில்லை. 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவையே நிறுத்திவிட்டது. தாமே கட்டிக்கொண்டவர்களும் தப்பவில்லை: ஜியோசிட்டீஸில் இலவசமாகப் பக்கம் வைத்திருந்தவர்கள், 2009இல் யாகூ அதை மூடியபோது, முன்கூட்டியே எடுத்து வைக்காததையெல்லாம் இழந்தார்கள். ஆகவே யார் கட்டினாலும் தளம் ஒரு நாள் போகும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஹார்ட் டிஸ்க்கும், விவரங்களை எழுதிய எக்செல் கோப்பும் இருந்தால் ஒரு வாரத்தில் வேறொன்றைக் கட்டிவிடலாம்.

டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், மட்டும் வேறு. அதை நீயே, உன் மின்னஞ்சலில், உன் கார்டில் வாங்க வேண்டும். மனைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மனை சொந்தம். நம்மிடம் அழைப்பிதழ் அடித்த ஒரு சிற்பி, அக்காள் மகன் இலவசமாகச் செய்து தருகிறான் என்று எல்லாவற்றையும் அவன் கணக்கிலேயே விட்டார். பையன் வெளிநாடு போனான், பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதை நிறுத்தினான், புதுப்பிக்கும் தேதி கடந்தது. இப்போது அந்தச் சிற்பியின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது; அவருடைய விசிட்டிங் கார்டில் இன்னும் அதே முகவரி. இந்தத் தவறு இலவச வேலையில் மட்டும் நடப்பதில்லை. உன் கொட்டேஷனிலும் "டொமைன், ஹோஸ்டிங் எங்கள் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும்தான் எனக்கு எழுதத் தோன்றியது.

உன் பெயரில் இருக்கும் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு விதமாக எழுதுகிறார், இன்னொருவர் வேறு விதமாக எழுதுகிறார். நீ கையெழுத்திடும் எழுத்துக்கூட்டலை முதன்மையாக வைத்து, மற்றொன்றையும் வாங்கி முதலாவதுக்குத் திருப்பிவிடு. இரண்டும் சேர்ந்தும் ஆண்டுக்கு ஒரு நல்ல கான்வாஸின் விலைகூட வராது. டாட் காம் பெயர் வாங்கிய பிறகு மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்து அதை அழித்துவிடாதே. 15 நாட்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள்.

டிசைனரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அச்சுகளை நேரடியாக விற்று, கட்டணம், கூரியர், ரீஃபண்ட் என்று போகும் நாள் வந்தாலோ, எல்லா ஓவியங்களையும் ஆண்டு வாரியாகத் தேடும்படி ஆவணமாக்க நினைத்தாலோ, வேலை தெரிந்தவரைக் கூப்பிடு. அதற்குள் ஓராண்டு உன் தளத்தை நீயே நடத்தியிருப்பாய்; வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை என்பது தெரிந்திருக்கும், அவரிடம் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும் முடியும். ஓவியர் தன் கடையைத் தானே வைப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில்தான் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு நிலம் வாங்கினார்கள்.

அப்படி ஆள் வைக்கும்போது வாய்ப்பேச்சில் விடாதே. உன்னிடம் சம்பளத்துக்கு இல்லாத வெளியாள் செய்யும் வடிவமைப்புக்கும் நிரலுக்கும், எழுத்தில் மாற்றித் தராத வரையில், பொதுவாக அவரே முதல் உரிமையாளர். நீ முழுப் பணமும் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். எழுதும்போதும் "எல்லா உரிமையும் தருகிறேன்" என்று மட்டும் எழுதினால் போதாது. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கு மட்டும் என்றும், எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். இணையதளத்துக்கு இந்தியாவுக்குள் மட்டும் உரிமை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே காலமும் எல்லையும் எழுதியாக வேண்டும். எத்தனை திருத்தங்கள் விலைக்குள் அடக்கம், அட்மின் பாஸ்வேர்டையும் மூலக் கோப்புகளையும் என்றைக்குத் தருவார், கடைசித் தவணை அவற்றைத் தந்த பிறகுதான் என்பவையும் அதில் இருக்கட்டும். "பராமரிப்பு" என்ற 12,000 ரூபாய்க்கு என்னென்ன செய்வார் என்று கேள். பதில் தெளிவில்லாமல் வந்தால் உனக்கே புரிந்துவிடும்.

தமிழ்ப் பக்கமும் வைப்பதாகச் சொன்னாயே, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை யூனிகோடில் மட்டும் வை. கேட்டலாக்குக்கு நான் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரைகளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும், கூகுளில் தேடினாலும் அகப்படாது. பழைய கோப்புகளை இங்கே அனுப்பு; மாற்றித் தருகிறேன், கன்வெர்ட்டர் தவறவிடும் கொம்புகளையும் கால்களையும் நான் பார்த்துத் திருத்துவதுதான் நல்லது.

தளம் தயாரானதும் அதை முதலில் போனில் திறந்து பார். உன்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் அதில்தான் பார்ப்பார்கள். தொடர்புப் பக்கத்தில் படிவம் மட்டும் வைக்காதே. அது பழுதாகிக் கடிதங்கள் வராமல் போனால் உனக்குத் தெரியவே தெரியாது, மின்னஞ்சல் முகவரியையும் கீழே எழுதிவிடு.

டிசைனருக்கு மரியாதையாகப் பதில் எழுதிவிடு; அவர் நாளை தேவைப்படலாம். டொமைன் வாங்கியதும் அது காலாவதியாகும் தேதியை எனக்கு அனுப்பு, ஹால் காலண்டரில் நானும் குறித்து வைக்கிறேன். முதல் இருபது ஓவியங்களின் விவரங்களை எக்செல்லில் போட்டு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால், புரூஃப் பார்த்து இரண்டு நாளில் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா