நரம்பு நோயாளியின் வாயை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளை, நரம்பு நோய்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த சிறப்புப் பக்கங்களை முழுவதும் படித்தேன். வலிப்பு, பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் என ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். உணவு, உறக்கம், உடற்பயிற்சி எல்லாம் இருந்தன. வாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டுரையாளர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனைகளிலும் இதே நிலைதான். நான் பல் மருத்துவர். நரம்பு நோய் உள்ளவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் பல் ஆடத் தொடங்கியிருக்கும், அல்லது ஈறு பாதிப் பல்லை மூடியிருக்கும். நோய் தெரிந்த அன்றே ஒரு முறை வந்திருந்தால் இதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம். அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

என்னை மிகவும் வருத்துவது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா எனப்படும் முக நரம்பு வலி. மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு நெற்றிக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் கிளை பிரிகிறது. பற்களுக்கு உணர்வு தருவதும் அதே நரம்புதான். மூளைத்தண்டை ஒட்டிய இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பின் மேல் அழுத்திக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். கோளாறு அங்கே, வலி பல்லில். அதனால் நோயாளி முதலில் பல் மருத்துவரிடம்தான் ஓடுவார்.

அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் அப்படித்தான் வந்தார். வலப்பக்கக் கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களை வேறெங்கோ எடுத்திருந்தார்கள். மூன்றாவதையும் பிடுங்கிவிடச் சொன்னார். தட்டிப் பார்த்தேன், குளிர்ச்சி வைத்துப் பார்த்தேன், எக்ஸ்ரே எடுத்தேன். பல்லில் ஒரு பழுதும் இல்லை. எப்போது வலிக்கிறது என்று கேட்டேன். “பல் தேய்க்கிறப்போ, முகம் கழுவுறப்போ, சில நேரம் காத்து பட்டாலே சுரீர்னு ஷாக் அடிக்கிற மாதிரி வெட்டும் டாக்டர். கொஞ்ச நேரத்துல போயிடும். போனா சுத்தமா இல்ல” என்றார். எங்கே என்று காட்டச் சொன்னபோது அவருடைய விரல் கன்னத்துக்கு அருகே வந்து நின்றுவிட்டது, தொடவில்லை. சொத்தைப் பல்லோடு வருபவர் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார். இவருக்கோ தொடவே பயம். நான் பல்லை எடுக்கவில்லை, நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். கார்பமாசெபின் மாத்திரை தொடங்கிய சில நாட்களில் வலி அடங்கிவிட்டது. போன இரண்டு பற்கள் போனவைதான்.

பல்வலி சூடு, குளிர்ச்சி பட்டால் கிளம்பி, அவை நீங்கிய பிறகும் விண்விண்ணென்று நீடிக்கும். இரவில் தூங்க விடாது. குறிப்பிட்ட ஒரு பல்லைத் தட்டினால் வலிக்கும். நரம்பு வலி திடீரெனத் தொடங்கி, சில நொடிகளில், அதிகபட்சம் இரண்டு நிமிடங்களுக்குள் முடியும். லேசாகத் தொட்டாலே பாயும். இடையில் ஒன்றுமே இருக்காது. சாதாரண வலி மாத்திரைக்கும் கட்டுப்படாது. ஒரு பல்லை எடுத்தும் வலி அப்படியே இருந்தால் அடுத்த பல்லை எடுக்கக் கேட்காதீர்கள் என்று வாசகர்களை மன்றாடிக் கேட்கிறேன். என் தொழில் நண்பர்களிடமும் அதையே கேட்கிறேன். நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, அதிலும் முகத்தின் இருபுறமும் இந்த வலி வந்தால், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற வேறொரு நரம்பு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. பார்ப்பது அவசியம்.

அடுத்தது வலிப்பு. இங்கே பெரிய சிக்கல் மறைப்பதுதான். கல்யாணம், வேலை என்று எத்தனையோ அச்சங்கள். அதனால் பல் மருத்துவரிடமும் வாய் திறப்பதில்லை. “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்றால் “இல்லை” என்றே பதில் வரும். ஆனால் ஈறே சொல்லிவிடும். ஃபெனிடாயின் 1938ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ள, பல உயிர்களைக் காத்த வலிப்பு மருந்து. அது ஈறை வளரச் செய்யும் என்பது 1939இலேயே பதிவாகிவிட்டது. அதை எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை வரலாம். முன்பற்களின் இடையில் சிறு மொட்டுபோலத் தொடங்கி, கவனிக்காவிட்டால் பல்லையே மூடும். அழுக்குப் படலம் சேரச் சேர வளர்ச்சி கூடும். ஆகவே ஆரம்பம் முதலே நன்றாகத் துலக்கி, குறிப்பிட்ட இடைவெளியில் பல்லைச் சுத்தம் செய்துவந்தால் பெருமளவு கட்டுப்படுத்தலாம்.

ஈறு வீங்குகிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. திடீரென நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே உலை வைக்கலாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். நாங்கள் எழுதும் மருந்துகளும் குறுக்கிடும். முக நரம்பு வலிக்குச் சொன்ன கார்பமாசெபின் வலிப்புக்கும் தரப்படுகிறது; அதைச் சாப்பிடுபவருக்கு, விவரம் தெரியாமல் கிளாரித்ரோமைசின் கொடுத்தால், ரத்தத்தில் கார்பமாசெபின் அளவு கூடித் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு ஆன்டிபயாடிக் எழுதியிருப்போம். அது மட்டுமல்ல, வலிப்பு இருப்பது தெரிந்தால் விளக்கொளி கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்வோம். இரவு தூங்கினாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். கழற்றி மாட்டும் பல் செட்டைவிட நிலையாகப் பொருத்தும் பல்லையே பரிந்துரைப்போம். வலிப்பின்போது கழன்ற பல் செட் தொண்டையில் சிக்கலாம்.

நாற்காலியில் வலிப்பு வந்தாலும் பதற வேண்டியதில்லை. கருவிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நாற்காலியைத் தாழ்த்தி, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவி. வீட்டில் வந்தாலும் இதேதான். பல்லுக்கிடையே கரண்டியையோ விரலையோ திணிக்கவே கூடாது. அப்படித் திணித்து உடைந்த பற்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கவாதம் வந்தவர்கள் குறித்து முதலில் ஒன்று சொல்ல வேண்டும்: பல் எடுக்க வருவதற்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வராதீர்கள். பல் எடுத்த குழியில் கசியும் ரத்தத்தைத் தையல் போட்டு, பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிட முடியும். மூளையில் மீண்டும் ரத்தம் உறைந்தால் அதை அப்படி நிறுத்த முடியாது. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை முடிவு கையில் இருந்தால் போதும். வாயின் செயலிழந்த பக்கத்தில் உணவு தேங்கிக் கிடப்பது நோயாளிக்கே தெரியாது; சாப்பிட்ட பிறகு யாராவது விரலில் துணி சுற்றித் துடைத்துவிட வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு, வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். படுக்கையில் இருப்பவருக்குப் பல் விளக்கிவிடுவதும் அதனால் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

பார்க்கின்சன் நோயாளிகளின் வாயில் எச்சில் வழிவதைப் பார்த்துவிட்டு, எச்சில் அதிகம் சுரக்கிறது என்று நினைக்கிறார்கள். விழுங்குவது குறைந்துவிட்டதே காரணம். சிலருக்கு மாத்திரையால் வாய் வறண்டுபோவதும் உண்டு. அப்போது சொத்தை வேகமாகப் பரவும். இவர்களை லெவோடோபா மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, உடலின் விறைப்பு ஓரளவு தளர்ந்திருக்கும் வேளையில் அழைத்து வாருங்கள். சிகிச்சை முடிந்ததும் சட்டென்று எழுப்பாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள். கை நடுங்குபவர்களுக்குத் தடித்த பிடியுள்ள பிரஷ்ஷோ மின்சார பிரஷ்ஷோ பெரிய உதவி.

மறதி நோயாளிக்குப் பல் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சோற்றைத் தள்ளுவார், கன்னத்தைப் பிறாண்டுவார், முகம் துடைக்க வருபவரை அடிப்பார். வீட்டார் நோய் முற்றிவிட்டது என்று தூக்க மாத்திரை கேட்பார்கள். ஒரு முறை வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் ஐயா! இவர்களுக்கு வேர் சிகிச்சை, பல் கட்டுதல் போன்றவற்றை, சொல்வதைப் புரிந்து ஒத்துழைக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். பின்னால் வாயைத் திறக்க வைப்பதே போராட்டமாகிவிடும்.

நரம்பியல் மருத்துவர்கள் நோயைக் கண்டறிந்து எழுதும் முதல் சீட்டிலேயே “பல் பரிசோதனை” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பல் மருத்துவமனைகளில் மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது. நோயாளிகள் மாத்திரை அட்டைகளையே கையோடு கொண்டுவந்தால் பெயர் நினைவில்லை என்ற கவலையும் இல்லை. தாங்கள் இந்தத் தொடரின் அடுத்த பகுதியைத் தயாரிக்கும்போது, பராமரிப்பாளர்களுக்கென்று வாய்ப் பராமரிப்புக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்