புரட்டாசி விடியலில் ஒரு தூசு வெளிச்சம்

அன்புள்ள ரஹீம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே ஆந்திரா பக்கம், குப்பம் ஊரில் எல்லாரும் நலம். பேரனைத் தெலுங்குப் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தைச் சாயங்காலத்தில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். கேழ்வரகு கதிர் பிடித்துவிட்டது, அதனால் ராத்திரியெல்லாம் பரண்மேல் யானைக் காவல்.

அந்தக் காவலில் பார்த்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். மாளய அமாவாசையை ஒட்டி மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. விடிகாலை நாலரை மணி இருக்கும், சூரியன் எழ இன்னும் ஒன்றரை மணி நேரம். கிழக்கே ஒரு வெளிச்சம் நின்றது. அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். மக நட்சத்திரம் அதற்குள் இருந்தது. கடகத்தைத் தாண்டி மிதுனம் வரை மங்கலாகப் போனது. உங்கள் ஆம்பூர் விளக்குகள் என்று நினைக்காதே. ஊர் வெளிச்சம் அடிவானத்தோடு கிடக்கும், ராசிகளின் வழியே ஏறாது.

அது தூசு, ரஹீம். கோள்கள் சுற்றும் தளத்தில் பரந்து கிடக்கும் தூசின்மேல் சூரிய ஒளி பட்டுச் சிதறுகிறது. துகள்கள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஓட்டுச் சந்து வழியாக விழும் வெயிலில் தூசு மினுங்குமே, அப்படித்தான். சூரிய ஒளியே அந்தத் துகள்களின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதால் அவை சுருண்டு சுருண்டு சூரியனை நெருங்குகின்றன. புதுத் தூசு வராவிட்டால் இந்த வெளிச்சமே மங்கிப்போகும். வால்நட்சத்திரங்கள் உதிர்ப்பதும், சிறுகோள்கள் மோதி நொறுங்குவதும் அதை நிரப்புகின்றன. எந்தக் காலத்திலோ வந்துபோன வால்நட்சத்திரத்தின் பொடியை நம் கொல்லையில் நின்று வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

1683இல் பாரிசில் காசினி என்ற வானியலாளர் இதை ஆராய்ந்து, சூரியனைச் சுற்றியுள்ள நுண்துகள்களின் வேலை என்றார். ஆனால் எனக்கு முதலில் நினைவு வந்தது உங்கள் அத்தாதான். ரமலானில், நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் உங்கள் மொட்டைமாடியில் நம்மை நிறுத்திச் சொல்வாரே: நெட்டுக்குத்தாக எழுவது பொய் விடியல், அதைப் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம், அடிவானத்தில் அகலவாக்கில் பரவுவதுதான் மெய் விடியல். அந்தப் பொய் விடியல் இந்தத் தூசு வெளிச்சம்தான். நோன்புக்கு நேரம் பார்த்தவர்கள் காசினிக்குப் பல நூற்றாண்டு முன்பே இரண்டையும் பிரித்தறிந்திருக்கிறார்கள். வானியலில் இதற்கு இன்னும் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. நடுச்சாமத்தில், சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில், இப்போது மீன ராசியில், அதைவிட மங்கலான ஒரு திட்டு தெரியும். அங்கேயுள்ள துகள்கள் பௌர்ணமி நிலாவைப் போல ஒளிபட்ட முகத்தை முழுக்க நம் பக்கம் காட்டுவதால் அந்த இடம் கூடுதலாக வெளுக்கிறது. நேராகப் பார்த்தால் மறையும், பார்வையைச் சற்று ஒதுக்கினால் வரும். பரண்மேல் மல்லாந்து படுத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நீ கிட்டார் பைத்தியமாக இருந்தவன், அதனால் இதையும் சொல்கிறேன். 'குயின்' ராக் இசைக்குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே இந்தத் தூசின் நகர்வைப் பற்றித்தான் ஆராய்ந்தார். எழுபதுகளில் பாட்டுக்காகப் பாதியில் விட்டதை முடித்து 2007இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

மாசியில் மாலை நேரத்து மேற்கு வானிலும் இந்தத் தூசு வெளிச்சம் வரும். ஆனால் எங்களுக்கு மேற்கை பெங்களூர் வெளிச்சம் தின்றுவிட்டது. மிச்சமிருப்பது கிழக்குதான். சாலை வளைவில் எல்.இ.டி. விளக்கு வரப்போகிறது. யானைக்குப் பயந்து கேட்கிறார்கள், நியாயம்தான். ஒளி தரையில் மட்டும் விழும்படி மூடி போடச் சொல்லி ஊராட்சித் தலைவர் சர்பஞ்சிடம் பேசியிருக்கிறேன்.

அதற்குள் ஆயுத பூஜை விடுமுறைக்கு வா. வளர்பிறை நிலா விடிவதற்கு முன்பே மறைந்துவிடும். எந்த வண்டி என்று எழுது, குப்பம் ஸ்டேஷனுக்கு வருகிறேன். அத்தாவால் பயணம் முடியுமா என்றும் கேள். அவர் பரண் ஏற வேண்டாம், வீட்டுக் களத்தில் கட்டில் போட்டாலே கிழக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
முனுசாமி