பெயரில் மட்டும் சீன ரயில்பாதை

ஆசிரியருக்கு,

சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியா பற்றிய தங்கள் கட்டுரை 1931 ஜப்பானியப் படையெடுப்பிலிருந்து தொடங்குகிறது. தகராறு அதற்கு வெகுமுன்பே தண்டவாளத்தில் ஏறிவிட்டது. 1896 ஒப்பந்தப்படி ரஷ்யா அமைத்த சீனக் கிழக்கு ரயில்பாதை, பெயரில் மட்டுமே சீனத்துடையது. ரஷ்ய-ஜப்பானியப் போரை முடித்த போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கையால் 1905-இல் சாங்சுனுக்குத் தெற்கேயுள்ள கிளைப்பாதை ஜப்பானுக்குப் போய், தண்டவாள அகலமும் மாற்றப்பட்டதால், ஹார்பினிலிருந்து வந்த பயணி சாங்சுனில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. 1929-இல் மஞ்சூரியாவை ஆண்ட சீனத் தளபதி சாங் சூலியாங் மீதிப் பாதையைக் கைப்பற்ற முயன்று சோவியத் படையிடம் தோற்றார். உரிய காலத்துக்குப் பின் விலைக்கு வாங்கும் உரிமை சீனாவுக்கு ஒப்பந்தத்திலேயே இருந்தும், 1935-இல் சோவியத் அரசு அதை மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுவிய பொம்மை அரசான மஞ்சுகுவோவுக்கு, அதாவது ஜப்பானுக்கே, 14 கோடி யென்னுக்கு விற்றது. சீனாவின் கைக்கு அது முழுமையாக வந்தது 1952 இறுதியில்தான்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை