ஒளிப் பாட நோட்டில் ஏன் பதில் இல்லை: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் ஒளிப் பாடம் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. அதற்குள் மூன்று பேர் என் அறைக்கு வந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "நோட்டைத் திறந்தால் வெறும் படமாக இருக்கிறது. கேள்வி பதில் ஒன்றும் எழுதிப் போடவில்லை. பாடம் நடக்கிறதா இல்லையா?" நியாயமான கேள்விதான். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நானும் இயற்பியல் ஆசிரியராக இருந்து இந்த நாற்காலிக்கு வந்தவன் என்பதால் கடிதம் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஆசிரியை கேட்ட கேள்வி இது: "ஒரு துளி வெளிச்சம்கூட இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே ஒரு வெள்ளைப் பந்து. தெரியுமா?" வகுப்பில் பாதிக்கு மேல் "முதலில் தெரியாது, கொஞ்ச நேரத்தில் கண் பழகியதும் தெரியும்" என்று எழுதினார்கள். உங்களில் பலரும் அதையே சொல்வீர்கள். நம் வீட்டில் விளக்கை அணைத்தால் அப்படித்தானே நடக்கிறது? ஆனால் வீட்டு இருட்டு முழு இருட்டு கிடையாது. கதவிடுக்கு, ஜன்னல், கடிகாரத்தின் சிறு விளக்கு என்று எங்கிருந்தாவது ஒளி கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கசிவைப் பிடித்துக்கொள்ளத்தான் கண் 20, 30 நிமிடம் எடுத்துப் பழகுகிறது. கசிவே இல்லையென்றால் விடிய விடிய உட்கார்ந்தாலும் பந்து தெரியாது.

இதில் தப்பாக எழுதிய பிள்ளைகள் நல்ல துணையோடுதான் தவறியிருக்கிறார்கள். கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது, அதனால்தான் பார்க்கிறோம் என்று பழங்கால கிரேக்க அறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் நம்பினார்கள். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் இப்னு அல் ஹைதம் என்ற அரபு அறிஞர் அதை மறுத்தார். அவர் வைத்த வாதங்களில் ஒன்று மிக எளிமையானது: சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறது. கண்ணிலிருந்து போவது ஒன்று என்றால், கண்ணுக்கு ஏன் வலி வரவேண்டும்? வெளியிலிருந்து வரும் ஒன்றுதான் கண்ணைத் தாக்குகிறது. பொருளில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணுக்குள் வந்து சேர்வதே பார்வை. இந்த ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதிப்போட ஒரு நிமிடம் போதும். பிள்ளைகள் தங்கள் பழைய எண்ணத்தோடு மல்லுக்கட்டி அங்கே வந்து சேர இரண்டு வகுப்புகள் ஆயின. அந்த இரண்டு வகுப்பின் அடையாளம்தான் நீங்கள் பார்த்த அம்புக்குறிப் படங்கள்.

அப்புறம் டார்ச்சும் டஸ்டரும். இருட்டு அறையில் டார்ச் அடித்தால் சுவரில் வட்டம் தெரிகிறது. நடுவில் ஒளி போகும் வழி தெரிவதில்லை. குறுக்கே டஸ்டரைத் தட்டினால் சுண்ணத்தூளில் கோடு போட்டாற்போல் பளிச்சென்று தெரியும். கோட்டில் தெரிவது தூள்தான். பக்கவாட்டில் போகிற ஒளி நம் கண்ணுக்குள் வராதவரை நமக்குத் தெரியாது. அன்று யாருடைய சீருடையாவது வெள்ளையாகியிருந்தால் காரணம் இதுதான், மன்னிக்கவும்.

நாணயச் சோதனையை உங்கள் பிள்ளை வீட்டில் செய்து காட்டியிருக்கலாம். ஒளி ஊடுருவாத கோப்பையின் அடியில் நாணயத்தை ஒட்டிவைத்து, விளிம்பு மறைக்கும் வரை பின்னால் போய் நிற்க வேண்டும். அசையாமல் நிற்கும்போது இன்னொருவர் தண்ணீர் ஊற்றினால் நாணயம் மிதந்து வருவதுபோல் தெரியும். ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. காற்றிலும் கிட்டத்தட்ட அதே வேகம். தண்ணீரில் சுமார் 2,25,000 கிலோமீட்டர். இந்த வேக மாற்றத்தால், சாய்வாக வரும் ஒளி நீர்ப்பரப்பைக் கடக்கும்போது திசை மாறுகிறது. அதுதான் ஒளிவிலகல். விளிம்பு மறைத்த நாணயத்தின் ஒளி இப்படித் திரும்பித்தான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

வேகம் மாறினால் திசை ஏன் மாற வேண்டும்? புத்தகங்கள் பெரும்பாலும் தாவிவிடும் இடம் இது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஆறு பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக நிற்கவைத்து, நீளம் தாண்டும் மணல் குழிக்குள் சாய்வாக நடக்கவிட்டார். முதலில் மணலில் கால் வைத்தவள் மெதுவானாள். மற்ற முனையில் இருந்தவன் இன்னும் கெட்டித் தரையில் வேகமாக வந்துகொண்டிருந்தான். வரிசை தானாகவே திரும்பிவிட்டது. நேராக மணலுக்குள் நடந்தபோது எல்லோரும் ஒன்றாக மெதுவானார்கள், திரும்பவில்லை. கரும்பலகையில் நான் பத்து வருடம் சொல்லிப் பார்த்தும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலிருந்து பார்க்கும்போது தண்ணீரின் ஆழம் உள்ளதில் முக்கால் பங்காகத்தான் தெரியும். 2 மீட்டர் ஆழம் ஒன்றரை மீட்டர்போல் இருக்கும். "கால் எட்டும்போலத்தான் இருந்தது" என்பது கண் சொல்லும் பொய். நீச்சல் தெரியாத பிள்ளைகளிடம் இதைத் தயவுசெய்து மறுபடியும் மறுபடியும் சொல்லுங்கள்.

கண்ணாடி பற்றி ஒரு பந்தயம். சுவரில் செங்குத்தாக மாட்டிய சிறிய கண்ணாடியில் இடுப்பு வரைதான் தெரிகிறது என்றால், பின்னால் போனால் கால் வரை தெரியுமா? தெரியும் என்று நானே வெகுநாள் நினைத்திருந்தேன். எவ்வளவு பின்னால் போனாலும் இடுப்பு வரைதான். முழு உருவம் தெரிய, நம் உயரத்தில் பாதி நீளமுள்ள கண்ணாடி, சரியான உயரத்தில் மாட்டியிருந்தால் போதும். தூரம் ஒரு பொருட்டே இல்லை. நம்பிக்கை வராவிட்டால் செய்து பாருங்கள். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதி தேர்வுக்கு வரும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நேற்று வானம் ஏன் நீலம் என்ற பேச்சு வந்தது. "கடல் நீலம் என்பதால்" என்றான் ஒருவன். "கடல் ஏன் நீலம்?" "வானம் நீலம் என்பதால்." வகுப்பே சிரித்தது. சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளம் கொண்ட நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. மாலையில் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால், வழியிலேயே நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. வானத்துக்குச் சரியான விளக்கம் தந்த ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவே, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்றுதான் கருதினார். 1921-இல் கப்பலில் பயணம் செய்த சி.வி. ராமன், நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை ஒரு சிறு பட்டகத்தால் தணித்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அங்கே தொடங்கிய தேடல் 1928-இல் ராமன் விளைவுக்கும் 1930-இல் நோபல் பரிசுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒரு தந்தை, "ஒளி அலையா, துகளா? அதையும் சொல்லித்தருவீர்களா?" என்று கேட்டிருந்தார். ஏழாம் வகுப்பில் இல்லை. இரண்டுபோலவும் நடந்துகொள்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கலாம். எனக்கே அது முழுசாகப் பிடிபட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

ஆகவே வீட்டில் பிள்ளை ஏதாவது கேட்டால், பதில் தெரிந்தாலும் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். தப்பாகச் சொன்னால் எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள். பாட முடிவில் வரையறைகள், விதிகள், கணக்குகள் எல்லாம் நோட்டில் இருக்கும். அவை வரும் வரிசையைத்தான் மாற்றியிருக்கிறோம்.

சோதித்துப் பார்க்கவே கூடாத ஒன்றும் இருக்கிறது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். லென்ஸ், தொலைநோக்கி வழியாக ஒரு கணம்கூட வேண்டாம். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி காப்பாற்றாது. சூரியனைப் பார்க்கும்போது கண் கூசி வலிப்பது வேறு; கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோவது அப்போது உணரப்படாது, பிறகு பார்வையில் கறையாக நின்றுவிடும். குவிலென்ஸால் தாளைக் கருக்கும் சோதனையை ஆசிரியையே மைதானத்தில் செய்து காட்டுவார். லேசர் விளக்குகளைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். பையில் இருந்தால் வாங்கிவைத்துக்கொண்டு உங்களிடமே தருவோம்.

வரும் வெள்ளிக்கிழமை ஊசித்துளை கேமரா செய்கிறோம். காலணி வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று, டிரேசிங் தாள் ஒன்று, ஒட்டும் டேப், பெட்டியின் உள்பக்கம் ஒட்ட ஒரு கறுப்புத் தாள், இவை போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பெட்டி கிடைக்காதவர்களுக்கு இங்கே இருக்கிறது. அந்தத் தாளில் வெளியே நிற்கும் மரம் எப்படித் தெரியும் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. நீங்களும் வெள்ளிக்கிழமை மாலை வரை சொல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்